கை முறுக்கு

அத்தியாயம் பதினான்கு

சந்தனராஜைக் கட்டிக்கொண்டு முப்பத்தோரு வருடம் ஆகிறது. இத்தனை வருடத்தில் அவர் சொன்ன ஒரு விஷயத்தை ஒரே தடவையில் புரிந்துகொண்டதாக ஞானமணி டீச்சருக்கு நினைவில்லை.

தப்பு டீச்சரின் காதில் இல்லை. அவர் பேசுகிற தமிழ் அப்படி. எழுந்திருக்க நேரமானால் 'ஸ்டார்ட் லேட்டு' என்பார். காபி குடிப்பதற்கு 'பிட் ஸ்டாப்' என்று பெயர். டீச்சர் கோபத்தில் நாலு வார்த்தை கூடப் பேசினால், 'ஞானம், கியரைக் குறை' என்பார். பாதி வாக்கியத்தை வாயால் சொல்வார், மீதியை மனசுக்குள்ளேயே ஓட்டி முடித்துவிடுவார். என்ன சொன்னீங்க என்று கேட்டால், 'அதான் சொல்லிட்டேனே' என்பார்.

ஒரு காலத்தில் சென்னைப் பக்கம் மோட்டார் சைக்கிள் பந்தயங்களில் பேர் வாங்கியவர். இப்போது வயது அறுபத்தொன்று. இடது இடுப்பில் ஒரு தகடு. விராலிமலைக்குத் தெற்கே ஐந்து கிலோமீட்டரில், திருச்சி மதுரை ரோட்டை ஒட்டி, பைக்கில் ஊர் சுற்றுகிறவர்களுக்காக ஆறு அறைகளில் ஒரு லாட்ஜ் நடத்துகிறார். காரில் வருகிறவர்களுக்கு இடமில்லை. போன ஐப்பசி மழையில் ஒரு குடும்பம் காரில் வந்து கெஞ்சியபோதுகூட, "நாலு சக்கரத்துக்கு மேல கூரை வேற இருக்கு, அதுலயே படுங்க" என்று சொன்ன புண்ணியவான். டீச்சர்தான் பின்வாசல் வழியாக அவர்களுக்கு அறை திறந்துவிட்டார்.

லாட்ஜுக்கு ஒரு சட்டம் உண்டு. வருகிறவர்கள் வண்டிச் சாவியை வாசலிலேயே கொடுத்துவிட வேண்டும். அது அறை எண் போட்ட ஆணியில் தொங்கும். காலையில் சந்தனராஜ் வண்டியைத் தடவிப் பார்த்து, தட்டிப் பார்த்து, திருப்தியானால்தான் சாவி திரும்பக் கிடைக்கும். பிரேக் சரியில்லை, டயர் தேய்ந்திருக்கிறது, ஓட்டுகிறவன் கண் சிவந்திருக்கிறது என்று ஏதாவது ஒரு காரணம் சொல்லிச் சாவியைப் பிடித்து வைத்துக்கொள்வார். பள்ளிக்கூடத்தில் வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளைகளை டீச்சர்கூட இப்படி நிறுத்தி வைத்ததில்லை.

போன வாரம் அதில்தான் வினை வந்தது. கோயம்புத்தூரிலிருந்து வந்த இரண்டு பேரை மத்தியானம்வரை உட்கார வைத்துவிட்டு இவர் ஏதோ சாமான் வாங்கப் போய்விட்டார். அவர்கள் போன கையோடு இண்டர்நெட்டில் ஒற்றை நட்சத்திரம் போட்டு, 'அறை சுத்தம், அம்மா தங்கம், ஓனர் லூசு' என்று எழுதிவிட்டார்கள். அதைப் படித்த டீச்சர் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் ஒரு உடன்படிக்கை ஆனது. இனி அவர் வெளியே கிளம்பும்போது, எந்த வண்டியைக் கொடுக்கக்கூடாது என்று டீச்சரிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும். சொல்லவில்லை என்றால் டீச்சர் சாவியைக் கொடுத்துவிடலாம்.

அந்த உடன்படிக்கைக்கு இன்று, சனிக்கிழமைதான் முதல் சோதனை.

காலை எட்டு மணிக்கு டீச்சருக்கு மூன்று எரிச்சல்கள் இருந்தன. முதலாவது, சட்னிக்குப் போட்ட மிக்ஸி ஊரைக் கூட்டியது. இரண்டாவது, நாளை ஆவூரில் நாத்தனார் பேத்திக்குப் புதுநன்மை, கோயிலில் முதல் நற்கருணை வாங்கும் விசேஷம். அதற்காக மூன்று நாளாக உட்கார்ந்து விரல் வலிக்கச் சுற்றிய கை முறுக்கு, தூக்கு நிறைய அடுப்படியில் மணக்கிறது. இதை யார் கண்ணிலும் படாமல் காப்பாற்றி நாளைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். மூன்றாவது எரிச்சலின் பெயர் ஸ்வீட்டி.

"ஒரு இட்லியாவது தின்னுட்டுப் போடி."

"வேண்டாம்மா. வந்து தின்னுக்கறேன்."

"வர்ற வரைக்கும் பட்டினியா? அங்க போயி மயங்கி விழுந்தா யாரு தூக்குறது?"

"நர்ஸ் வேலைக்குத்தான் போறேன். தூக்க ஆள் இருக்கும்" என்றாள் ஸ்வீட்டி. பிறகு குரலைத் தாழ்த்தி, "மெதுவாப் பேசும்மா. அப்பா கொட்டகையிலதான் இருக்காரு" என்றாள்.

இருபத்தாறு வயது மகள். திருச்சியில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். இன்று பத்தரை மணிக்குத் திருச்சி ஓட்டல் ஒன்றில் அவளுக்கு இண்டர்வியூ. தேறிவிட்டால் அயர்லாந்தில் வேலை. இந்த விஷயம் அம்மாவுக்குத் தெரியும், வெளிநாட்டில் இருக்கும் அண்ணன் லியோனுக்குத் தெரியும், ஆவூர் நாத்தனாருக்குக்கூடத் தெரியும். சந்தனராஜுக்கு மட்டும் தெரியாது. அவரைப் பொறுத்தவரை மகள் இன்று தோழி ரஞ்சிதாவின் நிச்சயதார்த்தத்துக்குப் போகிறாள்.

லியோன் வெளிநாடு போனபோது அந்த மனிதர் மூன்று மாதம் சரியாகச் சாப்பிடவில்லை. மகளும் போகிறாள் என்று யார் போய்ச் சொல்வது? நேரம் பார்த்துச் சொல்லலாம், வேலை கிடைத்த பிறகு சொல்லலாம் என்று டீச்சர்தான் தள்ளிப்போட்டார். எதையும் முகத்துக்கு நேரே சொல்லிப் பழகிய டீச்சருக்கு இந்தத் திருட்டுத்தனம் ஒத்துவரவில்லை. அந்த எரிச்சலையும் சேர்த்து மிக்ஸியின் மேல் காட்டினார்.

அப்போதுதான் ஜன்னலுக்கு வெளியே சந்தனராஜின் தலை தெரிந்தது. கையெல்லாம் கிரீஸ். மிக்ஸி சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தினார்.

"ஞானம், மூணாம் நம்பரு கை முறுக்குத்தான். விராலிமலை வரைக்கும் போயிட்டு வாரேன்."

டீச்சர் மிக்ஸியை நிறுத்துவதற்குள் தலை மறைந்துவிட்டது. முனியசாமியின் லோடு ஆட்டோ கிளம்பும் சத்தம் கேட்டது. பந்தயத்தில் பறந்த மனிதர் இப்போது விராலிமலைக்குப் பால் கேன்களுக்கு நடுவில் உட்கார்ந்துதான் போகிறார். மூன்று வருடத்துக்கு முன், சோதித்துப் பார்க்கிறேன் என்று யாரோ ஒருவருடைய வண்டியை எடுத்துக்கொண்டு குடுமியான்மலை ரோட்டில் விழுந்தார். நாலு மாதம் படுக்கை. எழுந்து நடந்த அன்று மாதா சுரூபத்தின் மேல் கை வைக்கச் சொல்லி டீச்சர் சத்தியம் வாங்கினார். இனி வண்டி ஓட்டுவதில்லை. அவருடைய பழைய பந்தய வண்டி நீலத் தார்ப்பாய்க்குள் போனது. அதன் சாவியை டீச்சர் ஒளித்துவைத்தார். எங்கே என்று அவருக்குத் தெரியாது. அதாவது, தெரியாது என்று டீச்சர் நினைத்துக்கொண்டிருந்தார்.

மூணாம் நம்பரு கை முறுக்குத்தான்.

காதில் விழுந்தது எல்லாம் சரியாகத்தான் விழுந்தது. டீச்சருக்கு நெஞ்சு கொதித்தது.

"பாத்தியா ஒங்கப்பா வேலையை? ராத்திரி வந்து தங்கின ஆளு முறுக்கு வாசனையை மோப்பம் பிடிச்சிருக்கான். காலையில இட்லி வேண்டாமாம், கை முறுக்குத்தானாம். இவரும் சரின்னு வாக்குக் குடுத்துட்டு ஆட்டோ ஏறிட்டாரு. புதுநன்மைக்குச் சுட்டதுன்னு தெரியுமா தெரியாதா இந்த மனுஷனுக்கு?"

"குடுத்துத் தொலைம்மா. நாலு முறுக்குல என்ன வந்துடப் போகுது?" என்ற ஸ்வீட்டி கடிகாரத்தைப் பார்த்து அலறினாள். "போச்சு, எட்டு இருபது பஸ்ஸு."

கைப்பையும் துணிப்பையுமாக ரோட்டுக்கு ஓடினாள். ஐந்து நிமிஷத்தில் திரும்பி வந்தாள். பஸ் போய்விட்டது. அடுத்த பஸ் எப்போது வரும் என்பது அந்த டிரைவருக்கும் கண்டக்டருக்கும் ஆண்டவருக்கும் மட்டுமே தெரிந்த ரகசியம்.

மூன்றாம் நம்பர்க்காரர் அந்த நேரம் பார்த்துப் பையைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார். பெயர் அரவிந்த்குமார். முப்பத்தைந்து வயது, சேலத்தில் வங்கி வேலை. ராமேஸ்வரம் போய்விட்டு ஊருக்குத் திரும்புகிறார். ஆள் மரியாதையானவர் என்பதை டீச்சர் நேற்றே பார்த்து வைத்திருந்தார், செருப்பை ஜோடியாகக் கழற்றி வைத்ததிலிருந்து.

"மேடம், சார் இல்லைங்களா? பின்னாடி ஏதோ சத்தம் வருதுன்னு நேத்துச் சொன்னேன். காலையில பாக்கறேன்னாரு. பாத்துட்டாருங்களா?"

"விடிகாலையிலேருந்து கொட்டகையிலதான் கெடந்தாரு. எல்லாம் பாத்திருப்பாரு. குடுக்கக்கூடாதுன்னா சொல்லிட்டுப் போயிருப்பாரே."

டீச்சர் ஆணியிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்தார். கொடுக்கும்போது உள்ளுக்குள் ஒரு பெருமிதம்கூட. இப்படித்தான் நடத்த வேண்டும் லாட்ஜை. வந்தவரைக் காக்க வைக்காமல், சொன்ன நேரத்துக்கு அனுப்ப வேண்டும். பிறகு உள்ளே போய், கொஞ்சம் மனசு வலிக்க, எட்டு முறுக்கை எடுத்துப் பேப்பரில் சுற்றிப் பையில் போட்டுக் கொண்டுவந்தார்.

"இந்தாங்க, நீங்க கேட்ட முறுக்கு."

"நானா?" என்றார் அரவிந்த்குமார். நல்ல பிள்ளை, அதற்கு மேல் கேட்கவில்லை. முகர்ந்து பார்த்துவிட்டு, "ரொம்ப நன்றிங்க மேடம்" என்றார்.

அந்த 'நானா'வில் டீச்சர் நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. ஏனென்றால் ஸ்வீட்டி அதற்குள், "சார், நீங்க திருச்சி வழியாத்தானே போறீங்க?" என்று கேட்டுவிட்டாள்.

சுவரில் வரிசையாக மாட்டியிருந்த ஹெல்மெட்டுகளில் ஒன்றை எடுத்து மகளின் தலையில் டீச்சரே மாட்டிவிட்டார். இந்த வீட்டில் ஹெல்மெட் இல்லாமல் கோழிகூட ரோட்டைத் தாண்டாது. முறுக்குப் பையை ஸ்வீட்டி மடியில் வைத்துக்கொண்டாள். வண்டி கேட்டைத் தாண்டி வடக்கே திரும்பியது. டீச்சர் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு, ஆறிப்போன காபியைச் சூடு பண்ணப் போனார்.

பத்து நிமிஷம் இருக்கும். முனியசாமியின் ஆட்டோ வந்து நின்றது. சந்தனராஜ் கையில் ஒரு சின்னக் காகிதப் பொட்டலத்தோடு இறங்கினார். இடுப்பைச் சாய்த்துச் சாய்த்துக் கொட்டகைக்குப் போனார். போன வேகத்தில் திரும்பி வந்தார்.

"ஞானம், மூணாம் நம்பர் வண்டி எங்க?"

"குடுத்து அனுப்பிட்டேன்."

"எதை?"

"சாவியை. ஒங்க வாக்குப்படி முறுக்கையும்தான். எட்டு முறுக்கு. கேட்டவன் 'நானா'ன்னு கேக்குறான், ஒண்ணுந் தெரியாத மாதிரி. இனிமே என் அடுப்படிச் சாமானுக்கு நீங்க வாக்குக் குடுக்காதீங்க, சொல்லிட்டேன்."

சந்தனராஜின் முகம் வெளுப்பதை டீச்சர் கண்ணால் பார்த்தார்.

"என்ன முறுக்கு?"

"கை முறுக்குத்தான்னு நீங்கதானே சொன்னீங்க?"

அவர் கையிலிருந்த பொட்டலத்தைப் பிரித்துக் காட்டினார். உள்ளே ஒரு புது நட்டும், ஊசி மாதிரி வளைந்த ஒரு கம்பியும் இருந்தன.

"பின் சக்கரத்தைக் கழட்டி பேரிங் மாத்தினேன். பழைய நட்டு மரை தேஞ்சு போச்சு. சக்கரம் விழுந்துடக் கூடாதேன்னு சும்மா கையால முறுக்கி நிறுத்தி வச்சேன். ஸ்பேனர் போடலை. கை முறுக்குத்தான்னு ஒங்கிட்டச் சொல்லிட்டுத்தானே போனேன்?"

டீச்சருக்கு ஒரு கணம் ஒன்றும் புரியவில்லை. பிறகு எல்லாம் ஒரேயடியாகப் புரிந்தது. கை முறுக்கு. கையால் முறுக்கியது. சக்கரத்தைப் பிடித்துக்கொண்டிருப்பது அந்த ஒரு நட்டு. நட்டைப் பிடித்துக்கொண்டிருப்பது ஒன்றுமில்லை.

"ஏங்க."

"என்ன?"

"ஸ்வீட்டி அந்த வண்டியிலதான் போயிருக்கா."

சந்தனராஜ் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் டீச்சருக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவர் கேட்டது ஒன்றுதான்.

"எவ்வளவு நேரமாச்சு?"

"பத்து நிமிஷம். ஒங்களைத் தாண்டித்தானே போயிருப்பாங்க? பாக்கலையா?"

"நடுவுல பூரா அரளிச்செடி. அங்கிட்டுப் போறது இங்கிட்டு எங்க தெரியுது?"

டீச்சர் போனை எடுத்து மகளுக்கு அடித்தார். மணி போய்க்கொண்டே இருந்தது. இண்டர்வியூவுக்காக நேற்று ராத்திரியே சைலண்ட்டில் போட்டு வைத்திருந்தாள், அதுவும் அம்மா சொல்லித்தான். பதிவேட்டைப் புரட்டி அரவிந்த்குமாரின் எண்ணுக்கு அடித்தார். அதுவும் எடுக்கப்படவில்லை. ஹெல்மெட்டுக்குள் இருக்கிறவனுக்குப் போன் சத்தம் எங்கே கேட்கும்?

"முனியசாமி, ஆட்டோவை எடு" என்றார் டீச்சர்.

"எடுக்கறேன் டீச்சரம்மா. ஆனா இது நாப்பதுக்கு மேல போகாது. போனா கதவு கழண்டுக்கும்" என்றான் முனியசாமி பரிதாபமாக.

"சாவியைக் கையோட எடுத்துட்டுப் போயிருக்கக் கூடாதா நீங்க?" டீச்சருக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. "நட்டை முறுக்கலைன்னு தமிழ்ல சொல்ல மாட்டீங்களா? முப்பத்தோரு வருஷமா ஒங்க பாஷையை நான் மொழிபெயர்த்துக்கிட்டே இருக்கணுமா?"

"நட்டைக் கையால முறுக்குறதுக்கு வேற எப்படிச் சொல்லுவாங்க ஞானம்?"

நியாயமான கேள்விதான். அதனால் டீச்சருக்கு இன்னும் ஆத்திரம் வந்தது. ஆனால் அவர் இப்போது தன்னைப் பார்க்கவில்லை என்பதை டீச்சர் கவனித்தார். ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, அவருடைய கண் கூடத்து மூலையில் மாதா சுரூபம் இருக்கும் பக்கம் போய்விட்டுத் தரைக்குத் திரும்பியது. அவர் கேட்கவில்லை. சத்தியம் செய்தவர் வாய் திறந்து கேட்க மாட்டார்.

டீச்சர் கூடத்துக்கு ஓடினார்.

ஆவூரிலிருந்து அம்மா வீட்டுச் சீராக வந்த சுரூபம் அது. அடியில் குழிவாக இருக்கும். மூன்று வருடத்துக்கு முன் அந்தக் குழிக்குள் சாவியைக் கைக்குட்டையில் முடிந்து வைத்தபோது டீச்சருக்குத் தன் சாமர்த்தியத்தின் மேல் ஒரு பெருமை. இந்த மனுஷன் ஜெபத்துக்கு உட்காருவதே பெரிய விஷயம், மாதாவைத் தூக்கியா பார்க்கப் போகிறார் என்று நினைத்தார்.

இப்போது தூக்கினார். கைக்குட்டை இருந்தது. டீச்சர் எதை முடிந்தாலும் இரட்டை முடிச்சுப் போடுவார், அவிழ்க்க நகம் உடையும். இது ஒற்றை முடிச்சு. இழுத்ததும் அவிழ்ந்தது. அதைப் பற்றி யோசிக்க அப்போது நேரமில்லை.

"மாதாவே, அவர் சத்தியத்தை அவர் மீறலை. நான்தான் மீறுறேன். எதுவா இருந்தாலும் என் கணக்குல எழுதிக்க" என்றார் டீச்சர் வாய்விட்டு.

கொட்டகைக்கு ஓடி வந்து சாவியை அவர் கையில் திணித்தார். சந்தனராஜ் தார்ப்பாயை ஒரு இழுப்பில் உருவினார். ஹெல்மெட்டை மாட்டினார். தகடு வைத்த காலை வண்டிக்கு மேலே தூக்க முடியாமல் முனகினார். முனியசாமி ஓடிப்போய் அந்தக் காலைப் பிடித்து அங்கிட்டுப் போட்டான்.

"நூறுக்குப் போன் போட்டு வண்டி நம்பரைச் சொல்லு" என்றார் சந்தனராஜ்.

"மெதுவாப் போங்க" என்று டீச்சருக்கு வாய் வரைக்கும் வந்தது. முப்பத்தோரு வருடப் பழக்கம். அதை விழுங்கிவிட்டு, "சீக்கிரம் போங்க" என்றார்.

அவர் உதைத்தார். ஒரே உதை. வண்டி உறுமிக்கொண்டு எழுந்தது. நீலப் புகை கொட்டகையை நிறைத்தது. புகை கலைவதற்குள் அவர் கேட்டைத் தாண்டியிருந்தார்.

டீச்சர் நூறுக்குப் போன் போட்டார். அங்கே ஒரு பெண் பொறுமையாக, என்ன பிரச்சினை என்று கேட்டாள். 'கை முறுக்கு' என்று ஆரம்பித்த டீச்சர், நாக்கைக் கடித்துக்கொண்டு, பின் சக்கர நட்டு கழன்றிருக்கிறது என்று திருத்திச் சொன்னார். வண்டி எண்ணைப் பதிவேட்டிலிருந்து படித்தார். ரோந்து வண்டிக்குச் சொல்வதாக அந்தப் பெண் சொன்னாள்.

அதன் பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லை. அதுதான் கொடுமை.

முனியசாமி கேட்டருகே நின்று ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். டீச்சர் அடுப்படியில் முறுக்குத் தூக்குக்கு எதிரே உட்கார்ந்து ஜெபமாலையை எடுத்தார். 'அருள் நிறைந்த மரியே' பாதியிலேயே அறுந்து அறுந்து போனது. சக்கரம் கழன்றால் எப்படி விழுவார்கள் என்று மனசு படம் போட்டது. பின்னால் வருவது லாரியாக இருந்தால்? என் கையாலேயே ஹெல்மெட்டை மாட்டி அனுப்பினேனே. எல்லாம் பார்த்திருப்பார் என்று என் வாயாலேயே சொன்னேனே. ஒரு ஒற்றை நட்சத்திரத்துக்குப் பயந்து என் பிள்ளையைக் கொடுத்துவிட்டேனே.

ஜெபம் மூன்றாவது தடவை அறுந்தபோதுதான் அந்த உதை நினைவுக்கு வந்தது.

மூன்று வருடம் மூடிக்கிடந்த வண்டி ஒரே உதையில் எப்படிக் கிளம்பும்? இந்த வீட்டில் வாழ்ந்த டீச்சருக்கு அந்த அளவுக்கு வண்டி தெரியும். பெட்ரோல் கெட்டுப் போயிருக்க வேண்டும். டயரில் காற்று இறங்கியிருக்க வேண்டும். தார்ப்பாயின் மேல் அவ்வளவு தூசு, உள்ளே வண்டியின் மேல் ஒரு பொட்டுத் தூசு இல்லை.

ஒற்றை முடிச்சு.

ஞாயிற்றுக்கிழமை தோறும் டீச்சர் பூசைக்குப் போய்வர இரண்டு மணி நேரம் ஆகும். 'இடுப்பு வலிக்குது, நீ போயிட்டு வா' என்பார் அவர். மாதாவைத் தூக்கிச் சாவியை எடுத்து, வண்டியைத் துடைத்து, உதைத்துக் கிளப்பி, அணைத்து, மறுபடி முடிந்து வைத்திருக்கிறார். எங்கேயாவது போனாரா? போயிருந்தால் இந்த ரோட்டில் ஒருவராவது பார்த்துச் சொல்லியிருப்பார்கள். போகவில்லை. கேட்டைத் தாண்டவில்லை. ஓட்டுவதில்லை என்றுதானே சத்தியம் வாங்கினாய், துடைப்பதில்லை என்றா வாங்கினாய் என்று அவர் கேட்பதுபோல் இருந்தது.

மூன்று வருடம் சாவி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் ஓட்டாமல் இருந்த மனிதரிடம்தான், மகள் போகப்போவதை மறைத்து வைத்திருக்கிறோம். டீச்சருக்கு முதல் தடவையாக வெட்கமாக இருந்தது. கூடவே, இதையும் சொல்லாமல் செய்திருக்கிறாரே என்று எரிச்சலாகவும் இருந்தது.

போன் அடித்தது.

"ஞானம்." பின்னால் லாரி ஒன்று கடந்து போகும் சத்தம்.

"சொல்லுங்க. பிள்ளை?"

"இருக்கா. ரெண்டு பேரும் முழுசா இருக்காங்க."

டீச்சர் ஜெபமாலையை முத்தமிட்டார்.

"ரோட்டோரம் ஒரு புளியமரத்தடியில ஒக்காந்து ஒன் முறுக்கத் திங்குறாங்க. ஒம்மகளுக்குப் பசி தாங்கலையாம், வண்டியிலயே பிரிச்சிருக்கா. அந்தத் தம்பிக்கு வாசனை தாங்கலையாம், நிறுத்திட்டாரு. நான் வந்து குனிஞ்சு பாக்குறேன், நட்டு ரெண்டு மரையில தொங்குது. இன்னும் ரெண்டு கிலோமீட்டர் போயிருந்தா..." அவர் வழக்கம்போல் மீதியைச் சொல்லவில்லை. இந்தத் தடவை டீச்சர் கேட்கவும் இல்லை.

"முனியசாமிகிட்ட என் ஸ்பேனர் பையையும் அந்தப் பொட்டலத்தையும் குடுத்து விடு. அதுவரைக்கும் அந்தத் தம்பி இங்கயே இருப்பாரு."

"சரிங்க. நீங்க ஸ்வீட்டியைக் கூட்டிக்கிட்டு வீட்டுக்கு வந்துடுங்க."



"பத்தரைக்குத் திருச்சியில இருக்கணும்னு அழுவுறா."

"ம்."

"நிச்சயதார்த்தத்துக்குப் போற பொண்ணு எதுக்கு ஃபைலும் சர்டிபிகேட்டுமாப் போகுதுன்னு பாத்தேன். பை மரத்தடியில திறந்து கெடந்துச்சு. மேலயே இண்டர்வியூ கடுதாசி."

ஜெபமாலை விரலில் இறுகியது.

"ஞானம்."

"சொல்லுங்க."

"அயர்லாந்து எங்கிட்டு இருக்கு?"

முப்பது வருடம் உலகப்படத்தில் குச்சியை வைத்து நாடு நாடாகக் காட்டியவர் ஞானமணி டீச்சர். எந்த வகுப்புப் பிள்ளை கேட்டாலும் கண்ணை மூடிக்கொண்டு தொட்டுக் காட்டியிருப்பார். இப்போது போனைக் காதில் வைத்தபடி, அவர் பார்க்க முடியாத சுவரில் மேற்கே கையைக் காட்டினார்.

"ரொம்பத் தூரமா?" என்றார் அவர்.

"தூரந்தாங்க" என்றார் டீச்சர். "ஒங்ககிட்டச் சொல்லணும்னுதான்..."

மீதியை டீச்சராலும் முடிக்க முடியவில்லை.

சந்தனராஜ் போனை அணைக்க மறந்து சட்டைப் பையில் போட்டுக்கொண்டார் போலிருக்கிறது, துணி உரசும் சத்தம் கேட்டது. "ஏறு" என்று மகளிடம் சொல்வது கேட்டது. "அப்பா" என்று அவள் ஏதோ சொல்ல ஆரம்பித்ததும், "மொதல்ல ஹெல்மெட்டை மாட்டு" என்று அவர் சொன்னதும் கேட்டது. பிறகு ஒரே உதை.

டீச்சர் போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு கேட்டை நோக்கி நடந்தார். வண்டி கிளம்பிவிட்டது. சத்தம் ஏறுகிறது. ஆனால் அது திருச்சிக்குப் போகிறதா, வீட்டுக்குத் திரும்புகிறதா என்று சத்தத்தை வைத்துச் சொல்ல முடியவில்லை. திரும்பினால் கால் மணியில் தெரிந்துவிடும். எது நடந்தால் தனக்குச் சந்தோஷம் என்பதும் டீச்சருக்குத் தெரியவில்லை.

முனியசாமியை ஸ்பேனர் பையோடு அனுப்பிவிட்டு, வடக்கே பார்த்துக்கொண்டு கேட்டில் நின்றார்.